டர்போ காருக்கு லைட் ஃப்ளைவீல்: கம்பெனித் தட்டா, பாதி எடையா?

ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். 160 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை. இந்த வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் கிளட்ச் மாற்றும் வேளை வந்ததும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தான் போகிறோம். எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் கனத்த தட்டுதான் ஃப்ளைவீல். கம்பெனி ஃப்ளைவீலையே திரும்பப் போடுவதா, பாதி எடையுள்ள ஒன்றைப் போட்டுவிடுவதா? மிட்சுபிஷி எவோ, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது பழகிய கேள்விதான். நான் லாராவை வைத்தே அலசுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஆபீஸ் போய் வரும் டர்போ காருக்குக் கம்பெனி ஃப்ளைவீல்தான் சரி. அது தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டால், அல்லது வண்டி அடிக்கடி டிராக்குக்குப் போகிறதென்றால், நடுத்தர எடையுள்ள ஸ்டீல் ஃப்ளைவீல் போடலாம். அலுமினியம் பந்தய வண்டிக்கு. பழைய தட்டை லேத்தில் கடைந்து இளைக்க வைப்பது யாருக்கும் வேண்டாம்.

ஃப்ளைவீலை ஒரு பத்தாயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் வெடிப்பு நடக்கிறது. அந்த இடைவெளிகளில் எஞ்சின் தடுமாறாமல் சுழல்வது ஃப்ளைவீல் சேர்த்து வைத்த ஆற்றலால். 11 கிலோ எடையும் 28 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள தட்டு ஒன்று 3000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதில் ஏறக்குறைய 5300 ஜூல் இருக்கும். 1400 கிலோ கார் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் உருளும்போது இருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிளட்சை விடும்போது வண்டியை முன்னே தள்ளிவிடும் கை அது. எடையைப் பாதியாக்கினால் அந்தக் கையின் பலமும் பாதியாகும்.

சரி, பதிலுக்கு என்ன கிடைக்கிறது? ஃப்ளைவீலைச் சுழற்றி ஏற்றச் செலவான விசை வண்டியை இழுக்கப் போகிறது. ஆனால் எல்லா கியரிலும் ஒரே அளவில் அல்ல. பலன் கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன தட்டைப் பாதி எடையாக்கினால், மொத்த விகிதம் 14 என்று வைத்த (சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 14 முறை சுற்றும்) முதல் கியரில் காரிலிருந்து ஏறக்குறைய 110 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். அதாவது இரண்டு பேரைக் கீழே இறக்கிவிட்ட மாதிரி. விகிதம் 4 ஆக இருக்கும் நாலாவது கியரில்? வெறும் 9 கிலோ. டிக்கியில் கிடக்கும் சாமான்களை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலே அது கிடைத்துவிடும்.

டர்போ காரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. லாபம் முழுவதும் முதல் இரண்டு கியரில். டர்போவுக்குத் தயக்கம் அதிகமாக இருப்பதும், முன் சக்கரங்கள் பிடி கிடைக்காமல் வழுக்குவதும் அதே இரண்டு கியரில்தான். எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. அதன் டர்பைன் வேகமெடுக்கப் புகை ஓட்டம் வேண்டும், லோடு வேண்டும், கொஞ்சம் நேரமும் வேண்டும். முதல் கியரில் எஞ்சின் விறுவிறுவென்று ஏறிவிட்டால், பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், முழுதாக வந்து சேரும் முன்பே அடுத்த கியருக்குக் கை போய்விடுகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே அதனிடம் உள்ளதைக் கொடுத்துவிடும். அதனால் பழைய ஹோண்டா வி-டெக் ஓட்டுநர் லைட் ஃப்ளைவீலைப் புகழ்வதைக் கேட்டு அப்படியே டர்போ காரில் மாட்டுவது சரியாக வராது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறான பேச்சு உலவுகிறது: "லைட் ஃப்ளைவீல் போட்டால் கியர் மாற்றும்போது பூஸ்ட் விழுந்துவிடும்." டர்போவின் சக்கரம் தன் தண்டில் தனியே சுழல்கிறது, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கோடு அதற்கு எந்தப் பல்லிணைப்பும் இல்லை. பூஸ்ட் குறைவது நாம் ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும் நேரத்தால். ஆர்பிஎம் சட்டென்று இறங்கினால், கை வேகமுள்ளவர் கியரைச் சீக்கிரம் போட்டு மறுபடி மிதிக்கலாம். அவருக்கு பூஸ்ட் குறைவாகத்தான் விழும். நிதானமாக மாற்றுபவருக்கு ஆர்பிஎம் தேவைக்கும் கீழே போய்விடும், கிளட்ச் பிடிக்கும்போது வண்டி தலையாட்டும். ஆக, தட்டு ஒன்றாகவே இருந்தாலும் ஓட்டுகிற காலைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

லைட் ஃப்ளைவீலின் சுகத்தையும் மறைக்கக் கூடாது. கீழ் கியருக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டினால் போதும், எஞ்சின் உடனே எழும்பி நிற்கும். அந்தத் துடிப்பு பிடித்துப்போனால் கம்பெனித் தட்டு சோம்பலாகத் தெரியும். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ எஞ்சினை 3500-க்குக் கீழே விடாமல் சுற்றுபவருக்கு இது உண்மையான வசதி. பூஸ்ட் எப்போதும் கையருகே இருப்பதால் அடி பிக்கப் குறைந்ததே தெரியாது.

அதே வண்டியைக் கொல்லிமலைக்கு ஓட்டிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் எதிரே பஸ் திரும்புகிறது, நீங்கள் ஏற்றத்திலேயே நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். வண்டியில் நாலு பேர், ஏசி ஓடுகிறது. பூஸ்ட் வராத கீழ் ஆர்பிஎம்மில் இது 1.8 லிட்டர் எஞ்சினாக மட்டுமே இழுக்கும். பத்தாயத்திலும் பாதிதான் இருக்கிறது. ஒன்று வண்டி அணைந்துபோகும், இல்லையென்றால் ஹாஃப் கிளட்சில் தூக்கி எடுத்துக் கருகல் வாடை வரும். இரண்டு மூன்று மலைப் பயணத்தில் புது கிளட்சின் ஆயுள் கணிசமாகக் கரைந்துவிடும். மே மாதச் சென்னை சிக்னலில் ஏசி கம்ப்ரசர் பிடிக்கும்போதெல்லாம் ஐடிலிங் தாழ்ந்து எழுவதும் இதே காரணத்தால்.

கம்பெனித் தட்டு சாதாரண இரும்புத் தட்டும் அல்ல. லாராவில் இருப்பது இரட்டை நிறை ஃப்ளைவீல்: நடுவே வளைந்த ஸ்பிரிங்குகள் வைத்த இரண்டு தட்டுகள். இந்த வகையை 1985-ல் லுக் நிறுவனம் ஐரோப்பாவில் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் இந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. இதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தட்டு போட்டால், நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். கிளட்ச் மிதித்தால் நின்றுவிடும். அதைக் கேட்டு பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக்கே தவறாக நினைப்பதுண்டு. கிளட்ச் டிஸ்க்கும் மாற வேண்டும். பெரும்பாலும் இரட்டை நிறை ஃப்ளைவீலுக்கு வரும் டிஸ்க்கில் ஸ்பிரிங் இருக்காது, ஒற்றைத் தட்டுக்கு ஸ்பிரிங் வைத்ததுதான் வேண்டும். இது தெரியாமல் பழைய டிஸ்க்கையே போட்டு, சத்தம் தாங்காமல் கியர்பாக்ஸை மறுபடி இறக்கினால் கூலி இரண்டு மடங்கு.

இரட்டைத் தட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ரீமேப் செய்து (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி), கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவிசையைக் கொட்டி, ஆறாவது கியரில் 1500-லிருந்து அழுத்தி மிதித்தால் அந்த ஸ்பிரிங்குகள் சீக்கிரம் தளர்ந்துவிடும். எஞ்சினை அணைக்கும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும். பெரிய கே04 டர்போ போட்டு இழுவிசையைக் கூட்டிய வண்டிகளுக்கு ஒற்றை ஸ்டீல் தட்டைச் சொல்ல இதுவே எனக்குப் போதுமான காரணம். எடைக் குறைப்பு அங்கே கூடுதல் பலன் மட்டுமே.

லேத்தில் கடைவதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை; குறை உலோகத்தில். 7000 ஆர்பிஎம்மில் 28 சென்டிமீட்டர் தட்டின் விளிம்பு மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்ளே எழும் இழுதகைவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கடைந்த இடத்தில் முடி போன்ற ஒரு கீறல் போதும், தட்டு வெடித்துச் சிதறும். அது பறக்கும் தளத்தில்தான் ஓட்டுநரின் கால்கள் இருக்கின்றன. குரோம்மோலி எனும் உறுதியான கலப்பு ஸ்டீலில் முறையாகச் செய்து, பேலன்ஸ் பார்த்து, எஸ்எஃப்ஐ 1.1 போன்ற பந்தயப் பாதுகாப்புச் சான்றுடன் வருவதை மட்டும் வாங்குங்கள். அலுமினியத்தில் இன்னும் எடை குறையும். ஆனால் கிளட்ச் உரசும் முகத்தில் தனி ஸ்டீல் தகடு பதித்திருக்க வேண்டும், நெரிசலில் அது சூடேறுவதையும் கவனிக்க வேண்டும்.

டர்போ டீசலுக்கும் இன்றைய 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போவுக்கும் இந்த அலசலே தேவையில்லை. டீசலின் வெடிப்பு முரட்டுத்தனமானது. மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒருமுறைதான் வெடிப்பு. இரண்டுக்கும் பத்தாயம் நிறைந்தே இருக்க வேண்டும். கம்பெனித் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கிராங்க் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் எஞ்சின் கணினியான ஈசியூ மிஸ்ஃபயரை, அதாவது சிலிண்டரில் வெடிப்பு தவறுவதை, கண்டுபிடிக்கிறது. தட்டு இளைத்தால் அந்த ஏற்ற இறக்கம் கூடி, எஞ்சின் நன்றாக இருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரியலாம். ரீமேப் செய்பவரிடம் ஃப்ளைவீல் எடையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதுத் தட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், கியர்பாக்ஸ் இறங்கிய அன்று பழைய இரட்டைத் தட்டைக் கையால் இருபுறமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் இருந்து, வெப்ப விரிசலோ கிரீஸ் கசிவோ இல்லையென்றால் அதையே திரும்பப் பூட்டலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் நாலு வாங்குங்கள். முதல் இரண்டு கியரில் லாராவுக்கு உண்மையிலேயே குறைவது அந்தப் பிடிதான்.