அரிசி ஆலை போல்ட்டுகள்: எது எங்கே நின்றது

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பராமரிப்பு என் பொறுப்பு. பிசானப் பருவ அறுவடை நெல் வர ஆரம்பித்துவிட்டால் மில்லை நிறுத்த முடியாது. அதனால் எந்த போல்ட் எத்தனை பருவம் தாங்குகிறது என்பதைக் கவனிப்பது பழக்கமாகிவிட்டது.

அதிகம் சோதித்தது சல்லடைதான். போல்ட் கழன்றால் உடனே வலு கூடிய 10.9 கிரேடு வாங்கி மாட்டச் சொல்வார்கள். போல்ட் உடைந்தால்தானே வலு போதவில்லை என்று அர்த்தம்? கழல்வது வேறு நோய். பக்கவாட்டு ஆட்டத்தில் மரை கொஞ்சம் கொஞ்சமாக நழுவித் தானே திரும்புகிறது. ஸ்பிரிங் வாஷரும் இதற்கு உதவாது; முழுசாக முறுக்கினால் தட்டையாகி வெறும் வாஷராகிவிடும். ஜெர்மனியின் பொறியாளர் யுங்கர் 1969-லேயே இந்த நழுவலைச் சோதித்துக் காட்டிவிட்டார். நம்மூர்க் கடைகளில் இன்றும் கேட்காமலே ஸ்பிரிங் வாஷரைச் சேர்த்துப் பொட்டலம் கட்டுகிறார்கள்!

எங்கள் சல்லடையில் நின்றது 8.8 போல்ட், கடினமான தட்டை வாஷர், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு. எம்12-க்கு (12 மில்லிமீட்டர் விட்டம்), முறுக்கு அளவு காட்டும் டார்க் ரென்ச்சில் சுமார் 80 நியூட்டன் மீட்டர். கழற்றிய நைலாக் நட்டு கையாலேயே கடைசி வரை ஏறினால் அது பழைய இரும்புக்குத்தான்.

தலையில் 8.8 என்று இருந்தால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். அதில் எண்பது சதவீதம், 640 வரை, நிரந்தரமாக நீளாது. குறியே இல்லாத போல்ட்டை வலு குறைந்த 4.6 என்றே கணக்கில் வைப்பேன், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும்.

பாய்லர் பக்கம் நைலாக் கூடாது. 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது. முழு உலோக லாக் நட்டு போடுகிறோம். நீராவிக் குழாயை இணைக்கும் பிளாஞ்சில் வரைபடத்தில் உள்ள பி7 கிரேடு ஸ்டட் (தலையில்லாத போல்ட்), 2எச் கிரேடு நட்டு மட்டும்தான். அங்கே கைவசம் இருப்பதை மாட்டுகிற பேச்சே இல்லை.

நெல் ஊறும் தொட்டிக்கு ஏ2-70 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் நன்றாக உழைக்கிறது. ஒரு தொல்லை, மரை கடித்துக்கொள்ளும். கடிப்பைத் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவி, ஸ்பேனரால் மெதுவாக முறுக்க வேண்டும்; இம்பாக்ட் கன் வைத்தால் பிறகு அறுத்துத்தான் எடுக்கணும். பளபளப்பைப் பார்த்து இதையே சல்லடைக்கும் போட நினைக்காதீர்கள். 700 மெகாபாஸ்கல்தான், 8.8-ஐ விடக் குறைவு. தூத்துக்குடி உப்புக்காற்றில் வேலை என்றால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் ஏ4 எஸ்.எஸ். கேட்டு வாங்குங்கள்.

"ஒரு டாக் வெல்டிங் போட்டுட்டா கழலவே கழலாது அண்ணாச்சி" என்று பட்டறைத் தம்பிகள் சொல்வார்கள். 8.8 போன்ற ஹை டென்சைல் போல்ட்டில் அந்தச் சூடு பட்ட இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்து விரிசல் விடும். கேஸ் வைத்துக் காய்ச்சிக் கழற்றிய போல்ட்டையும் திரும்ப மாட்டுவதில்லை, பதம் இறங்கியிருக்கும்.

பழைய மெஷின்களில் அரை இஞ்ச் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) மரை இருக்கும், இஞ்சுக்கு 12 சுற்று. எம்12-ன் பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.75 மில்லிமீட்டர். ஒன்றில் மற்றதை மாட்டினால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பலம் கொடுத்தால் மரை போய்விடும். பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே கடைக்கு ஆள் அனுப்புகிறோம். போகிறவர் கையில் பழைய போல்ட்டோடு, அது சல்லடையா, தொட்டியா, பாய்லரா என்று ஒரு சீட்டும் போகும்.