ஐரோப்பிய சாலிடாரிட்டி மையம், கதான்ஸ்க்: ஒரு மதிப்புரை

போலந்தின் கதான்ஸ்க் நகரில், கப்பல் கட்டும் தளத்தின் இரண்டாம் எண் வாயிலை ஒட்டி, துருவேறிய இரும்புத் தகடுகள் போர்த்திய பெரிய கட்டடமாக நிற்கும் இந்த அருங்காட்சியகம், 1980இல் இத்தளத்தில் பிறந்த சாலிடாரிட்டி என்னும் சுதந்திரத் தொழிற்சங்க இயக்கத்தின் கதையைச் சொல்கிறது; இது 2014 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிற்சங்கத்திலிருந்து தேர்தல் அரசியலுக்கு வர நினைக்கும் எவரும் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

முதல் கூடத்தின் கூரை முழுவதும் தொழிலாளர்களின் தலைக்கவசங்கள். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த நிலையில் கிரேன் ஓட்டுநர் அன்னா வாலெந்தினோவிச் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து 1980 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு, 1976இல் அதே தளத்தில் வேலையிழந்திருந்த எலக்ட்ரீஷியன் லேக் வலேசா தலைமையேற்றார். இங்கே நான் அதிக நேரம் நின்றது, 21 கோரிக்கைகளைக் கையால் எழுதி வாயிலில் தொங்கவிட்ட ஒட்டுப்பலகைகளின் முன்புதான். சுதந்திரமான தொழிற்சங்க உரிமையில் தொடங்கும் அந்தப் பட்டியல் குழந்தைகள் காப்பகம், மகப்பேறு விடுப்பு, சனிக்கிழமை விடுமுறை என்று வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஒரு தேர்தல் அறிக்கைக்கு இதைவிட நேர்மையான வடிவம் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 16 அன்று தளத்தின் கோரிக்கைகளை நிர்வாகம் ஏற்க, வலேசாவும் வேலைநிறுத்தம் முடிந்ததாக அறிவித்தார். ஆதரவாக வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்த மற்ற ஆலைகளைக் கைவிடக் கூடாது என்று வாதாடி அதைத் தொடரவைத்தவர்களில் அன்னாவும் டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸும் இருந்தனர். சங்கப் போராட்டம் நாட்டின் அரசியலாக மாறிய இடம் அதுதான். ஹென்ரிகா 2015இல் நாடாளுமன்ற உறுப்பினரானார் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பகுதி இன்னும் ஆழமாகப் படும்.

சாலிடாரிட்டியை ஒடுக்கக் கம்யூனிச அரசு 1981 டிசம்பரில் கொண்டுவந்த இராணுவச் சட்டத்தைக் கடந்து 1989 ஜூன் தேர்தலுக்கு வரும்போது, வலேசா தாம் போட்டியிடாமல், வேட்பாளர் ஒவ்வொருவருடனும் படமெடுத்துக்கொண்டு சுவரொட்டிகளில் நின்றார். கீழவையில் ஆளும் அணிக்கு ஒதுக்கியது போக, போட்டிக்குத் திறந்துவிடப்பட்ட 161 இடங்களும், செனட்டின் 100 இடங்களில் 99உம் சாலிடாரிட்டி அணிக்கே கிடைத்தன. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் வலேசாவும், அதே இயக்கத்தின் பிரதமர் மசோவியெத்ஸ்கியும் எதிரெதிராக நின்றதையும், அதிபரான வலேசா 1995இல் சொற்ப வித்தியாசத்தில் தோற்றதையும் முன்பே படித்துவிட்டு வருவது நல்லது. கண்காட்சியின் கனம் 1980களில்தான் இருக்கிறது.

குறைந்தது மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1970 போராட்டத்தில் அரசுப் படைகளால் சுடப்பட்டு இறந்த தொழிலாளர்களுக்காக வெளியே எழுப்பப்பட்டுள்ள மூன்று சிலுவைகளின் நினைவுச்சின்னத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், அந்தப் பலகைகளின் ஒவ்வொரு வரியும் எவ்வளவு துணிச்சலோடு எழுதப்பட்டது என்பது சட்டென விளங்கும்.