ஹேரன்வேன் தியால்ஃப்: எந்த டிக்கெட், எந்த இருக்கை, எந்த லென்ஸ்

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஹேரன்வேன் என்ற சின்ன ஊர். அங்கே 1967-இல் திறந்தவெளித் தளமாகத் தொடங்கி, 1986-இல் கூரை போட்டு, 2015-17இல் பெருமளவு புதுப்பித்துக் கட்டிய 400 மீட்டர் ஐஸ் அரங்கம்தான் தியால்ஃப். ஸ்பீடு ஸ்கேட்டிங் பார்க்க ஐரோப்பாவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கேயே போகலாம். ஆனால் டிக்கெட்டைத் தப்பான பந்தயத்துக்கு எடுத்தால் பாதிப் பணம் வீண்.

எல்லோரும் 500 மீட்டருக்கு ஆசைப்படுகிறார்கள். அது முப்பத்துச் சொச்சம் வினாடி. இருவர் இருவராகத்தான் ஓடவிடுவார்கள்; கேமராவை நிலைப்படுத்துவதற்குள் அந்த ஜோடி முடித்துவிடும். படமெடுக்கப் போகிறவர் 10,000 மீட்டர் நடக்கும் நாளைத் தேட வேண்டும். 25 சுற்று, சுற்றுக்கு முப்பது வினாடி அளவில். அதே ஆள் அதே இடத்தை இருபத்தைந்து முறை கடக்கிறார். ஆள் ஓடும் திசையிலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டு படமெடுக்கும் பேனிங் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 2021 பிப்ரவரியில் ஸ்வீடனின் நில்ஸ் வான் டெர் போல் 12:32.95 என்று உலக சாதனை வைத்தது இந்த ஐஸில்தான். சாதனைகள் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டர் மேலே, காற்று மெலிந்த சால்ட் லேக் சிட்டியில்தான் விழும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் அப்படி ஒரு நேரம் வந்தது என்றால், ஐஸ் போடுகிறவர்களின் கைவண்ணமும் அதில் இருக்கிறது.

இருக்கை விஷயம். நேர்ப்பாதையில் தலை குனிந்திருக்கும், முகம் கிடைக்காது. வளைவு முடிந்து நிமிரும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்தால் முகமும் கிடைக்கும், ஒரு காலைத் தாண்டி மறுகாலை வைக்கும் அசைவும் கிடைக்கும். ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பின்பக்க நேர்ப்பாதையில் இருவரும் தடம் மாறுவார்கள். அதனால் உங்கள் வளைவில் ஒரு சுற்று உள்தடத்தில் வந்தவர், அடுத்த சுற்று வெளித்தடத்தில் வருவார். ஃபோகஸை ஓரிடத்தில் பூட்டி வைத்தால் ஒன்று விட்டு ஒரு படம் மங்கும். தடம் மாறும் இடத்தில் வெளித்தடத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. இருவரும் நெருங்கி வந்தால் விரலைப் பொத்தானில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவை உறைய வைக்கும் படத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடி, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 1/1000 வினாடிக்குள் ஆள் ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை; 1/60-இல் சுமார் 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பேனிங் வேண்டுமென்றால் 1/60-இல் தொடங்கிக் கீழே இறங்குங்கள். ஆட்டோ எக்ஸ்போஷரை நம்பினால் வெள்ளை ஐஸைப் பார்த்துக் கேமரா மிரண்டு, படம் முழுக்கச் சாம்பல் பூசிவிடும். ஐஸை அளந்து, அதற்கு மேல் ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி, மேனுவலில் பூட்டிவிடுங்கள். உள்ளே வெளிச்சம் மாறாது. ஒயிட் பேலன்ஸையும் ஐஸைக் காட்டியே அமைக்கலாம். ஃபிளாஷ் கூடவே கூடாது. பெரிய லென்ஸுக்கு அனுமதி உண்டா என்று டிக்கெட் விதிகளில் முன்பே பார்ப்பது நல்லது. வெளிக்குளிரிலிருந்து உள்ளே வந்ததும் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். திறந்தால் லென்ஸில் நீர் பூத்து, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும்.

பொதுமக்களுக்கான நேரத்தில் நாமும் இறங்கலாம். சென்னையில் இன்லைன் தளங்களில், அதாவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்டில், ஓடிப் பழகியவர்களுக்கு உடல் நிலை பழகியதாகவே இருக்கும். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் போன்றவர்கள் இன்லைனிலிருந்து வந்து ஒலிம்பிக் தங்கமே வாங்கியிருக்கிறார்கள். பிளேடு மட்டும் வேறு ரகம்: சுமார் 1.1 மி.மீ. தடிமன், 40 செ.மீ. அளவு நீளம். பக்கவாட்டில் தள்ளினால்தான் ஓடும், பின்னால் உதைத்தால் வழுக்கும். குதிகால் கழன்று உயரும் க்ளாப் வகையை முதல் நாளே கேட்காதீர்கள். இறங்கும் முன் பிளேடின் ஓரத்தில் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். மெல்லிய தூளாகச் சீவினால் கூர் இருக்கிறது. பக்கவாட்டில் நகம் சிக்கினால் தீட்டியபோது எழுந்த பிசிறை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். வளைவில் அதுதான் காலை வாரும். மாற்றித் தரச் சொல்லுங்கள். ரப்பர் விரிப்பைத் தாண்டி சிமெண்டில் ஓர் அடி வைத்தாலும் கூர் போய்விடும். கையுறை இல்லாமல் இறங்கவே வேண்டாம், விழுந்த விரல் மேல் பின்னால் வருபவரின் பிளேடு ஏறும்.

சுற்றுச்சூழல் கணக்கைத் தள்ளிவிட முடியாது. இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஐஸைச் சூடான அரங்குக்குள் உறைய வைத்திருப்பது மின்சாரத்தைத் தின்னும் வேலை. பார்வையாளர்களின் மூச்சு, விளக்கு, கூரையிலிருந்து இறங்கும் வெப்பம் எல்லாம் ஐஸுக்கு எதிரி. தியால்ஃபின் கூரையில் ஆயிரக்கணக்கான சூரியத் தகடுகள் இருப்பது உண்மைதான், பாராட்டலாம். ஆனால் ஐஸ் தேவைப்படும் டிசம்பரில் ஃப்ரீஸ்லாந்தில் வெயில் ஏது? ஓர் அரங்கத்தை மதிப்பிட இதைவிட முக்கியமான கேள்வி இரண்டு: குழாயில் எந்தக் குளிர்பொருள் ஓடுகிறது, உறிஞ்சிய வெப்பம் எங்கே போகிறது? ஆர்-507ஏ என்ற செயற்கைக் குளிர்பொருள் கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 4,000 மடங்கு வெப்பமூட்டும். அம்மோனியாவுக்கு அந்தக் குற்றமில்லை, நச்சு என்பதால் காவல் வேண்டும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஸ்பீடு ஸ்கேட்டிங் அரங்கில் கார்பன் டை ஆக்சைடையே குளிர்பொருளாக ஓட்டினார்கள். போகவேண்டிய திசை அதுதான்.

இயற்கை ஐஸ் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் இதே மாகாணத்தில், கால்வாய் வழியே பதினொரு ஊர்களைச் சுற்றும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் எல்ஃப்ஸ்டெடன்டோக்ட் பந்தயத்துக்கு வழி முழுக்க 15 சென்டிமீட்டர் ஐஸ் வேண்டும். 1909-இல் தொடங்கி 15 முறைதான் நடந்தது. கடைசியாக 1997 ஜனவரி 4. டச்சுக்காரர்கள் இப்போது மாற்றுப் பந்தயத்துக்கு ஆஸ்திரியாவின் வைஸ்ஸன்சே ஏரிக்குப் போகிறார்கள், அதுவும் பெரும்பாலும் காரில்.

நீங்கள் ரயிலில் போங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உலகக் கோப்பை டிக்கெட் தீர்ந்துவிட்டால் டிசம்பர் கடைசி வாரத்து உள்நாட்டுப் போட்டிகளைப் பாருங்கள். குளிர்கால ஒலிம்பிக்குக்கு முந்தைய டிசம்பரில் டச்சு அணித் தேர்வு நடப்பது அப்போதுதான். உலகப் போட்டியில் பதக்கம் வாங்கியவர்கூட அங்கே தோற்று வீட்டுக்குப் போவதுண்டு.