நிறுத்தி நிறுத்திப் பார்த்த படங்கள்

தியேட்டருக்குப் போவதை நானும் என் கணவரும் ஏறக்குறைய விட்டுவிட்டோம். மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன பிறகு, அவரைத் தனியே விட்டுவிட்டு மூன்று மணி நேரம் வெளியே இருக்க மனம் வருவதில்லை. தவிர, தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று தியேட்டரில். அக்டோபர் 25 அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில். அந்த நான்கு வாரம் பொறுக்க முடியாத அளவுக்கு எந்த நடிகருக்கும் நாங்கள் ரசிகர் மன்றம் வைத்திருக்கவில்லை.

ஆகவே எங்கள் சினிமா இப்போது சோபாவில்தான். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் ஒதுங்கி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்த பிறகு ஆரம்பிப்போம். ஒரே இருப்பில் ஒரு படம் முடிவது அபூர்வம். பாலுக்கு உறை ஊற்றவில்லை என்று எனக்கு நினைவு வரும். அவருக்கு அலுவலகத்திலிருந்து போன் வரும். இரண்டும் இல்லையென்றால் யாராவது ஒருவருக்குத் தூக்கம் வரும். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டுப் போவோம். இப்படியே பல மாதங்கள் பார்த்ததில் படங்களைப் பற்றிய என் அளவுகோலே மாறிவிட்டது. நடுவில் எத்தனை முறை எழுந்து போனாலும், திரும்பி வந்து உட்கார்ந்ததும் நம்மைப் பழைய இடத்திலேயே பிடித்துக்கொள்கிற படம் எது, கை நழுவிப் போகிற படம் எது என்றுதான் இப்போதெல்லாம் கவனிக்கிறேன். கீழே இருப்பவை அந்தக் கண்ணோடு சொல்வது. தியேட்டரில் பார்த்தவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் அது நியாயமே.

முதல் இடம் ‘லப்பர் பந்து’வுக்கு. இதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டையே இல்லை. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். ஊர் ஊராகப் போய் டென்னிஸ் பந்தில் அல்ல, லப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களின் கதை. கெத்து என்று பெயர் எடுத்த மூத்த ஆட்டக்காரராக தினேஷ். அவரோடு உரசிக்கொண்டு, பிறகு அவர் மகளையே காதலிக்கிற அன்புவாக ஹரிஷ் கல்யாண். என் கணவர் கல்லூரிக் காலத்தில் காவிரி மணலில் ஆடியவர். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவர் டிவியோடு பேச ஆரம்பித்துவிட்டார். பந்து பேட்டில் படுகிற சத்தம் சரியாக இருக்கிறதாம். 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலிக்க, விஜயகாந்த் ரசிகரான கெத்து களத்தில் இறங்குகிற இடத்தில், அவர் எழுந்து நின்றேவிட்டார்.

நான் பார்த்தது வேறு படம். கெத்துவின் மனைவி யசோதையாக வரும் சுவாசிகாவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பொய் சொல்லிவிட்டு ஆடப் போகிற கணவனை அவள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதில் கோபம் பாதி, இந்த மனிதனை விரும்பித் தொலைத்துவிட்டோமே என்கிற அலுப்பு மீதி. அந்தப் பார்வையை நான் எங்கள் சமையலறைக் கண்ணாடியில் கண்டிருக்கிறேன். அணியில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது என்பதில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதையும் படம் பிரசங்கம் இல்லாமல் சொல்லிவிடுகிறது. எத்தனை தடவை நிறுத்தினோம் என்பது நினைவில்லை. எங்கே நிறுத்தினாலும், திரும்பப் போட்டதும் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது.

‘மெய்யழகன்’ விஷயத்தில் வீடு இரண்டுபட்டது. இயக்குநர் ச.பிரேம்குமார். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய குடும்பத்தின் மகன் பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே அன்பைக் கொட்டுகிற ஓர் உறவினரிடம் அகப்பட்டுக்கொள்கிறான். அந்த உறவினர் யார், அவர் பெயர் என்ன என்பதே அவனுக்கு நினைவில்லை. அரவிந்த்சாமி அந்த அசட்டுச் சிரிப்போடு சமாளிக்கிறாரே, நம் வீட்டுக் கல்யாணங்களில் நாம் எல்லோரும் சிரித்த சிரிப்புத்தான் அது.

என் கணவரின் புகார் நீளம். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்றார். இத்தனைக்கும் படம் வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள். நாங்கள் பார்த்தது அந்தக் குறைத்த வடிவம். இன்னும் வெட்டியிருக்கலாம் என்பது அவர் கட்சி. வெட்டியதே அநியாயம் என்பது என் கட்சி. தியேட்டரில் இருக்கையில் கட்டுண்டு உட்கார்ந்திருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார் என்பது புரிகிறது. வீட்டில் ஏன்? அந்தப் படத்தை நான் மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருப்பது போல இருந்தது. கல்யாண மேடையில் தங்கைக்குக் கொண்டுவந்த நகைகளை அண்ணன் தன் கையாலேயே அணிவிக்கிற இடத்தை இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தேன். அவர் அப்போது செய்தித்தாள் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டவே இல்லை.

‘மகாராஜா’ அதற்கு நேர் எதிர். முடி திருத்துகிறவர் ஒருவர் போலீஸ் நிலையத்துக்கு வந்து, தன் வீட்டு லட்சுமியைக் காணவில்லை என்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. இவ்வளவுதான் சொல்வேன். விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம், நித்திலன் சுவாமிநாதன் இயக்கியது. காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டிருக்கிறார். இதை இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தால் போயிற்று. இடைவேளை மட்டத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தபோது யார் எந்தக் காலத்தில் இருக்கிறார் என்று புரியாமல், பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். என் கணவருக்கு அதுவே கொண்டாட்டம். ரிமோட்டும் கையுமாக, இந்தத் துப்பு இங்கேயே இருக்கிறது பார் என்று காட்டிக்கொண்டே வந்தார். படத்தின் தச்சு வேலையை நானும் மெச்சுகிறேன். ஆனால் அந்தக் கதையில் பெண்களுக்கு நேர்வதெல்லாம் ஆண்களின் கணக்குத் தீர்ப்பதற்காகவே நேர்கிறது என்று எனக்குப் பட்டது. சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அது சரிதான், ஆனால் படம் நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் வீட்டில் இதற்கு மேல் சமரசம் நடந்ததில்லை.

படங்களை விட்டுக் கொஞ்சம் டிவிக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் படங்களை அதுதான் கெடுத்தது. டிவி புதிதாக வந்தபோது எந்தப் படத்தைப் போட்டாலும் மெகா சீரியல் மாதிரியே தெரிந்தது. முகமெல்லாம் வழுவழுவென்று, நடை வழுக்கிக்கொண்டு போவது போல. ஒளிப்பதிவு சரியில்லை என்று என் கணவர் வரிசையாக எல்லாப் படங்களுக்கும் தீர்ப்பு எழுதினார். விஷயம் இதுதான்: சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. டிவி தன் அசைவைச் சீராக்கும் வசதியால் நடுநடுவே தானே புதுப் படங்களை உண்டாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, சினிமாவுக்கு விஷம். படத் தரத்துக்கான அமைப்புகளில் அதைத் தேடி அணைத்த அன்றே சீரியல் தோற்றம் போயிற்று.

இன்னொரு தொல்லை சத்தம். வசனம் காதில் விழவில்லை என்று கூட்டினால், அடுத்த நிமிடம் சண்டைக் காட்சியில் மாமியார் விழித்துக்கொள்வார். ஓடிடியில் வருவது பெரும்பாலும் 5.1 ஒலி, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துக் கலந்த ஒலி. அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். டிவிக்குள்ளே கீழ்நோக்கி இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் அத்தனையும் சேர்ந்து வரும்போது வசனம் அமுங்கிப் போகிறது. ஒலித் தேர்வில் 5.1ஐ விட்டுவிட்டு ஸ்டீரியோ இருந்தால் அதைப் போடுங்கள், செலவில்லாத மருந்து. நாங்கள் பிறகு டிவிக்கு முன்னால் வைக்கிற நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரும் ஒன்று வாங்கினோம், அதில் பேச்சைத் தூக்கிக் காட்டும் பொத்தானைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

சவுண்ட்பார் வந்த வாரத்தில்தான் ‘கொட்டுக்காளி’ பார்த்தோம். என்ன பொருத்தம்! பி.எஸ்.வினோத்ராஜின் அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. என் கணவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார், இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தார், மறுபடி கூட்டினார். வேறொருவனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்குகளிலும் அவளைச் சாமியாரிடம் அழைத்துப் போகிறது. கூடவே ஒரு சேவல். முறைமாமனாக சூரி, பேசவே மறுக்கிற மீனாவாக அன்னா பென். படம் முழுக்க வண்டிச் சத்தமும் காற்றும் சேவலின் சிறகடிப்பும்தான் இசை. எங்கள் கூடத்தில் அதோடு மின்விசிறியின் கிறீச்சும், தெருநாய்களும், மாமியாரின் இருமலும் சேர்ந்துகொண்டன. எது படத்தில் கேட்டது, எது வீட்டில் கேட்டது என்றே தெரியவில்லை.

முடிவு திறந்தே நிற்கிறது. என் கணவருக்கு வந்ததே கோபம். முடிக்காத படத்துக்கு எப்படிச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று கேட்டார். எனக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது. இருந்தாலும் அன்று நான் பாதிதான் பார்த்திருந்தேன் என்று தோன்றியது. ஒரு மதியம், வீடு அடங்கிய நேரத்தில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். சூரி தன் தொண்டை கட்டிய குரலில் கத்தத் தொடங்கும் அந்த இடத்தில் ஆட்டோவுக்குள் இருக்கும் மீனாவின் முகத்தைக் கவனியுங்கள். அசையாது. இந்தப் படத்தைத் துணையோடு பார்க்காதீர்கள், தனியாகப் பாருங்கள் என்பதே என் சிபாரிசு.

‘உள்ளொழுக்கு’ எங்கள் திட்டத்திலேயே இல்லை. தூக்கம் வரவில்லை என்று மாமியார் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்த இரவு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்டோ டோமியின் மலையாளப் படம். குட்டநாட்டில் வெள்ளம். இறந்துபோன மகனின் உடலை அடக்கம் செய்ய முடியாமல், தண்ணீர் வடிகிற வரை அதே வீட்டில் காத்திருக்கிறார்கள் மாமியாரும் மருமகளும். மாமியார் ஊர்வசி, மருமகள் பார்வதி. இருவரிடமும் மற்றவருக்குச் சொல்லாத ரகசியம் இருக்கிறது. சப்டைட்டிலை வாசித்து நான் என் மாமியாருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மருமகளின் காதலன் பற்றிய இடம் வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்காமலேயே, புரிகிறது, நீ பாட்டுக்குப் பார் என்றார்.

படம் முடிந்ததும் மூவரும் பேசவில்லை. மாமியார்தான் ஆரம்பித்தார். மகனுக்கு நோய் இருப்பதை மறைத்து அந்தப் பெண்ணைக் கட்டிவைத்தது தப்பு, ஊர்வசி எவ்வளவு அழுதாலும் தப்பு தப்புதான் என்றார். நான் ஊர்வசியின் பக்கம் நின்று வாதாட வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் மாமியார் மருமகளுக்காகவும், மருமகள் மாமியாருக்காகவும் பேசிய இரவு அது ஒன்றுதான். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். ஊர்வசிக்கு இந்தப் படத்துக்காக 2025இல் தேசிய விருது அறிவித்தபோது, சிறந்த துணை நடிகை என்று போட்டிருந்தார்கள். துணையா என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை என் கணவர் கொண்டாடினார், எனக்குத் தித்திப்பு அதிகம். இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்து சென்னைக் காலனி ஒன்றில் தங்கும் குடும்பம், சசிகுமாரும் சிம்ரனும். பார்க்கிற மனிதரெல்லாம் கடைசியில் நல்லவராகிவிடுகிறார்கள். ஆவணம் இல்லாமல் வந்து இறங்குகிறவர்களின் நிஜ வாழ்க்கை இத்தனை எளிதல்ல என்று நான் சொன்னால், நாள் முழுவதும் கெட்டவர்களோடு வேலை பார்த்துவிட்டு வருகிறேன், இரண்டு மணி நேரம் நல்லவர்களைப் பார்த்தால் உனக்கு என்ன என்கிறார். ‘குடும்பஸ்த’னில் கதை திரும்பியது. வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல் கடனுக்கு மேல் கடன் வாங்குகிற மணிகண்டனைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாதத் தவணை தேதிகளை வைத்து என்ன நகைச்சுவை என்றார்.

சந்தா பற்றிக் கேட்பவர்களுக்கு: எல்லாவற்றையும் வருடம் முழுக்க வைத்திருப்பது வீண் செலவு. பார்க்க வேண்டியவை சேர்ந்த பிறகு ஒரு சேவைக்கு ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தி, அடுத்ததற்குப் போகிறோம். ‘லப்பர் பந்து’ இருக்கும் சேவையை மட்டும் நிறுத்த அவர் சம்மதிப்பதில்லை. ஐபிஎல்லும் அதில்தான் வருகிறது என்பதை அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.