பழைய அலாய் ஸ்டெம், ஹேண்டில்பார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறினால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

எழுபதுகளின் ரேஸ் சைக்கிள் ஒன்றைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறேன். அதற்கு அந்தக் காலத்து அலாய் (அலுமினியக் கலவை) ஹேண்டில்பாரும், அதைப் பிடித்து வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மும் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் பழைய பொருள் விற்றுக்கொள்ளும் ஒரு தளத்தில் "ஒரிஜினல் ஜோடி" என்று போட்டிருந்தார் ஒருவர்.

அந்தக் கால ஹேண்டில்பார்களின் நடுப்பகுதி 25.4, 26.0, 26.4 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் வரும். அதனால் அளவு கேட்டேன். உடனே படம் வந்தது: பாரின் நடுவில் வெர்னியர் காலிப்பர், அளவு 26.0. கூடவே, "நானே ஓட்டின வண்டியில கழட்டினது சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்." காலிப்பர் வைத்துப் படம் அனுப்புகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்தால் முகம் பார்க்கலாம், அவ்வளவு பாலிஷ். மாட்டினேன். ஸ்டெம்மின் வாய் முழுக்க மூடும்வரை போல்ட்டை இறுக்கியும் பார் சுழன்றது. அளந்தேன். பார் 26.0தான், படம் பொய் இல்லை. ஸ்டெம்மின் துளை 26.4! ஜோடியாம் ஜோடி.

ஸ்டெம்மை வெளியே உருவிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குள் இறங்கும் ஸ்டெம்மின் தண்டு 22.2 இருக்க வேண்டும். பழைய பிரெஞ்சு ஃபோர்க்குக்கு மட்டும் 22.0. இதை யாரோ உப்புத்தாளால் தேய்த்து 22.0 ஆக்கியிருக்கிறார்கள். தண்டின் அடியில் இருக்கும் பிளவு முடிகிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. துடைத்தேன், போகவில்லை. நகம் மாட்டியது. விரிசல்தான். அதற்கு மேல்தான் பாலிஷ்.

இரும்பு ஒரு அளவுக்குக் கீழான பளுவை எத்தனை காலமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் சேரும். விரிசல் விட்ட ஸ்டெம் ஒருநாள் ஓடும்போதே முறியும்.

கேட்டதற்கு முதலில் "அது கீறல் சார்" என்றார். அப்புறம் "நீங்கதான் ஓவரா டைட் பண்ணிட்டீங்க". பார் சுழல்கிறதே என்றால் "சோடா டப்பாத் தகட்டை வெட்டிச் சுத்திக்கங்க". கடைசியில் "விண்டேஜ்னா ஷோவுக்குத்தான் சார்". தானே ஓட்டியது அதற்குள் ஷோவுக்கு ஆகிவிட்டது! பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். தளத்துக்காரர்களோ, படத்தில் உள்ள பொருளே வந்திருப்பதால் பணம் திரும்பாது என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். அரை மாதச் சம்பளம், சார்!

விவரமாக வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. பாரையும் ஸ்டெம்மின் துளையையும் தனித்தனியே அளந்த படம் கேளுங்கள். தண்டின் பிளவைக் கிட்டத்தில் எடுத்த படமும் வேண்டும். கிராங்க் (பெடல் மாட்டும் கை) வாங்குவதென்றால், அந்தக் கை பல்சக்கரத்தைத் தாங்கும் நட்சத்திர வடிவப் பகுதியோடு சேரும் மூலையிலும் பெடல் துளையைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிரெஞ்சு பெடல் மரை 14 மி.மீ., மற்றவை பெரும்பாலும் 9/16 அங்குலம்; மாற்றி முறுக்கினால் கிராங்க் காலி. புதிதாகப் பாலிஷ் போட்டதை வாங்கவே வாங்காதீர்கள். பொருளைப் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை பணத்தை நிறுத்திவைக்கும் வசதி இல்லாத இடத்தில் ஒரு பைசா அனுப்ப வேண்டாம்.