“வெறும் உப்புத் தண்ணிதான் தம்பி” என்று விற்ற கண்ணாடிக் குண்டு

தீயில் எறிந்து உடைத்தால் உள்ளிருக்கும் திரவம் கொட்டி நெருப்பை அணைக்கும், அந்தப் பழைய தீயணைப்புக் கண்ணாடிக் குண்டுகளைச் சேர்ப்பவர்கள் சிங்கப்பூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தாம். அப்படி ஒன்றைப் பொய் சொல்லி என் தலையில் கட்டிய மனிதரிடம் அடுத்து சிக்கப்போவதும் நம்மில் ஒருவராகத்தான் இருக்கும். அதனால்தான் இந்தப் பதிவு.

போன மாதம் ஒரு விற்பனைச் செயலியில் விளம்பரம் பார்த்தேன்: “ஹார்டன் ஸ்டார், 1880கள், அசல் திரவத்துடன், 180 வெள்ளி.” சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017இல் மூடிய பிறகு இந்த மாதிரிச் சாமான் கண்ணில் படுவதே அரிது. ஹார்டன் என்பது அந்தக் காலத்துக் குண்டுகளில் பேர்போன ஒரு வகை. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு நீலக் கண்ணாடியும் அதில் புடைத்து நிற்கும் நட்சத்திரமும்தான் ஞாபகம் வரும். படத்தில் இருந்ததோ நிறமில்லாத, மின்விளக்கு பல்பு மாதிரி ஓர் உருண்டை. கேட்டேன். “நிறமில்லாததுதான் தம்பி அபூர்வம். நட்சத்திரம் தேய்ஞ்சுபோச்சு” என்றார் விற்றவர். அச்சில் வார்த்த கண்ணாடியில் நட்சத்திரம் அடையாளமே இல்லாமல் தேயுமா? ஆசை வந்தால் இதெல்லாம் எங்கே தோன்றுகிறது!

அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்தித்தோம். என் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினார். “உப்புத் தண்ணி. பேத்தி கையில கொடுத்தே விளையாடச் சொல்லலாம்.” சுவரில் மாட்டும் இரும்புப் பிடியையும் சும்மாவே கொடுத்தார். சுருள்வில் வைத்த பிடி. அதைப் பார்த்ததுமே நான் சுதாரித்திருக்க வேண்டும். சூடு ஏறினால் ஈயப்பற்று உருகி, வில் தெறித்துக் குண்டை உடைக்கும் ஏற்பாடு அது. இருபதாம் நூற்றாண்டுக் குண்டுகளோடு வருவது. நானோ இரண்டையும் துணிப்பையில் போட்டு, கூட்ட நேரத்தில் எம்ஆர்டி ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சமையல் தராசில் வைத்தால் 870 கிராம். அரை லிட்டர்கூடக் கொள்ளாத, மெல்லிய கண்ணாடிக் குண்டு! உப்புத் தண்ணீராக இருந்தால் இவ்வளவு கனக்க வழியே இல்லை. ஒருகாலத்தில் தீயணைக்கவும் உலர்சலவைக்கும் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சுத் திரவம் என்றால் கணக்கு சரியாக வரும். அது லிட்டருக்கு 1.6 கிலோ. பக்கத்தில் வந்த என் மனைவி, “என்னங்க, சலவைக் கடை வாசம் அடிக்குது?” என்றாள். குண்டின் வாய்ப்பூச்சில் மயிரிழை அளவு விரிசல்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1870கள், 80களில் வந்த குண்டுகளில் பெரும்பாலும் உப்புக் கரைசல்தான் இருக்கும். உடைந்தால் தரை நனையும், கண்ணாடி குத்தும், அவ்வளவுதான். பின்னால் வந்தவற்றில் நிரப்பிய கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. மது அருந்துபவருக்குப் பாதிப்பு இன்னும் மோசம். ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தேங்கும், அதாவது குழந்தை தவழும் உயரத்தில். வாசனை மூக்கில் ஏறும்போதே பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கும். நெருப்பில் பட்டால் முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற பாஸ்ஜீன் வாயு உண்டாகும். தீயை அணைக்க இதை வீட்டுக்குள் மாட்டி வைத்திருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

குண்டைத் துணியில் சுற்றி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்த்தி வைத்து, காற்றாடும் பின்கட்டு ஓரத்துக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். காற்று போகாத அறை, நல்லவேளை வைக்கவில்லை. குப்பைக் குழாயில் போடுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள். சுற்றுப்புற வாரிய உரிமம் பெற்ற நச்சுக் கழிவு நிறுவனம் ஒன்று வந்து எடுத்துப்போனது. அதற்கான கட்டணம் குண்டின் விலையையும் தாண்டியது. ஒருவேளை உங்கள் வீட்டில் உடைந்தே போனால் துடைக்கக் குனியாதீர்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவசர எண் 995ஐ அழையுங்கள்.

விற்றவரிடம் பணத்தைக் கேட்டேன். “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்று ஒரு வரி வந்தது, அப்புறம் செயலியில் என் கணக்கைத் தடுத்துவிட்டார். நேற்று என் மனைவியின் கணக்கில் தேடிப் பார்த்தோம். அதே பூப்போட்ட மேசைவிரிப்பு, அதே மாதிரி இன்னொரு குண்டு. “ஹார்டன், அபூர்வ நிறமற்றது, குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது.” விலை இப்போது 220 வெள்ளி.