பத்து லட்சம் வரிசைகள் எனக்கு எதற்கு?

விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். பழையதிலேயே பல வருடம் கிடந்துவிட்டு, ஏழு மாதமாகப் புதியதில் அல்லாடுகிறவன் நான்.

முதல் எரிச்சல், திரையின் கீழ் மூலையில் ஓடும் 'கணக்கிடுகிறது' என்ற சதவீதம். சரக்கு இருப்புக் கோப்பில் ஓர் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் 12%, 37% என்று நகரும். பொறுமையிழந்து அடுத்த எண்ணைத் தட்டினால் கணக்கு நின்றுவிடும். என்டர் அழுத்தியதும் மறுபடி ஆரம்பிக்கும். பழைய பதிப்பில் இதே கோப்பு முணுமுணுக்காமல் வேலை செய்தது.

திட்டித் தீர்த்த பிறகுதான் கோப்பைக் குடைந்து பார்த்தேன். கன்ட்ரோல் விசையையும் எண்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால், பயன்பாட்டில் உள்ள கடைசிக் கட்டத்துக்குக் கர்சர் போகும். என் தரவு 4,200-வது வரிசையோடு முடிகிறது. கர்சர் போய் நின்றதோ 10,48,576-இல், தாளின் அடிமட்டத்தில்! கட்டங்களுக்குக் கோடு போடும்போது நெடுவரிசையை அடிவரை தேர்ந்தெடுப்பது என் பழைய வழக்கம். பழைய தாளில் மொத்தமே 65,536 வரிசைகள். அந்தச் சோம்பேறித்தனம் அங்கே வெளியே தெரியவில்லை. இங்கே பதினாறு மடங்கு கோடு.

வெற்று வரிசைகளை நீக்கிச் சேமித்ததும் 38 எம்பி கோப்பு 3 எம்பியாக இளைத்தது. அடுத்தது, ஒரு கட்டத்திலிருந்து இத்தனை தள்ளி என்று வேறு கட்டத்தைக் காட்டும் ஆஃப்செட் சூத்திரங்கள். எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் இவை மறுபடி கணக்குப் போட உட்கார்ந்துவிடும். அவற்றை, அப்படி அடம்பிடிக்காத இன்டெக்ஸ் சூத்திரத்துக்கு மாற்றுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இருப்பு குறைந்தால் சிவப்பு என்று நான் வைத்த ஒரே விதி, வெட்டி ஒட்டியதில் 600 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அதையும் பெருக்கித் தள்ளினேன். இப்போது அந்தச் சதவீதம் கண்ணில் படுவதே அபூர்வம்.

ஆக, பாதிக்கு மேல் தப்பு என்னுடையது. ஆனால் கட்டம் விட்டுக் கட்டம் கர்சர் வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்த ஒய்யாரத்தை யார் கேட்டார்கள்?

ஃபில்டர் சூத்திரத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஒரே கட்டத்தில் எழுதினால், தீர்ந்துபோன சரக்கெல்லாம் தானாகக் கீழே வரிசை கட்டுகிறது. மாதக் கடைசியில் அரை நாள் மிச்சம்.

நண்பருக்கு, "மாறாதீர்கள்" என்று பதில் அனுப்பினேன். அன்று காலை கோப்பைச் சேமிக்கும்போது சுழல் வட்டம் 40 விநாடி சுற்றியது.